துறைமுகத்தின் மஞ்சள் மிதவை காற்றையும் நீரையும் எப்படி அளக்கிறது?

வன்னியில் பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து தரிக்கும் துறைமுகம் எதுவும் இல்லை. முல்லைத்தீவிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் கரைவலைப் பாடுகளும் இயந்திரப் படகுகளுமே கடலோரத்தின் பரபரப்பு. மேற்கே தலைமன்னார் இறங்குதுறை, இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்தின் எச்சமாக நிற்கிறது. ஆயினும் இந்தக் கரைகளில் வாழ்பவர்கள் வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் நாளாந்தம் கேட்கும் காற்று, அலை அறிவிப்புகளுக்கு ஆதாரமான அளவீடுகளில் ஒரு பகுதி, கடலில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்ட மிதவைகளிலிருந்தே வருகிறது. சென்னையிலுள்ள இந்திய தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து வங்காள விரிகுடாவில் இத்தகைய மிதவைகளை நிறுத்திப் பராமரித்து வருகிறது. அதே தத்துவத்தில் இயங்கும் சிறிய வகையொன்று உலகின் பரபரப்பான துறைமுகங்கள் பலவற்றில் மிதக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது. மிதவை அனுப்பும் எண் ஒவ்வொன்றும் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தால்தான் அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும். ஆகவே கருவியின் தோற்றத்தைக் காட்டிலும் எண்கள் பிறக்கும் விதத்துக்கே இங்கு கூடுதலான இடம் தரப்படுகிறது.

இரணைமடுக் குளத்தில் நீர் எத்தனை அடி நிற்கிறது என்பதை அறிய, அசையாமல் நாட்டப்பட்ட அளவுகோலொன்றைப் பார்த்தால் போதும். அளவுகோல் நிற்கும், நீர் ஏறி இறங்கும். மிதவையின் நிலை இதற்கு நேர்மாறானது. அது நீருடன் சேர்ந்து தானும் ஏறி இறங்குகிறது, காற்றில் சாய்கிறது, சங்கிலியின் நுனியில் திரும்பிக்கொண்டே இருக்கிறது. நிலையாக நில்லாத ஒன்றின் மீது அளவுகருவிகளைப் பூட்டி, அவற்றிலிருந்து நம்பகமான அளவீடுகளைப் பெறுவதுதான் இத்துறையின் முழுச் சிக்கலும்.

துறைமுகத்துக்கு இது எதற்கு?

கடலில் வானிலை மாறினால் திறந்த கடலிலுள்ள கப்பலுக்கு விலகிச் செல்ல இடம் உண்டு. ஒடுங்கிய கால்வாயினுள் நுழைந்துவிட்ட கப்பலுக்கு அந்த வசதி இல்லை. 1980 மே 9 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ரம்பா விரிகுடாவில், துறைமுக வழிகாட்டியொருவர் செலுத்திவந்த 'சம்மிற் வென்ச்சர்' என்ற சரக்குக் கப்பல், திடீரெனச் சூழ்ந்த மழைப்புயலில் பார்வை மறைந்து, சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததில் 35 பேர் இறந்தனர். துறைமுகத்தில் அந்தந்த நேரத்தின் காற்றையும் நீரோட்டத்தையும் நீர்மட்டத்தையும் கப்பலோட்டிகளுக்கு உடனுக்குடன் தரும் தொகுதியொன்று 1990களின் தொடக்கத்தில் அதே ரம்பா விரிகுடாவில் முதன்முதலாக நிறுவப்பட்டதற்கு இவ்விபத்தும் ஒரு காரணம். பின்னர் அது அமெரிக்காவின் வேறு பல துறைமுகங்களுக்கும் பரவியது.

நமக்கு அண்மையான எடுத்துக்காட்டு கொழும்பில் நடந்தது. 2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலில் தீ மூண்டு, ஜூன் 2 அன்று அது கடலில் அமிழத் தொடங்கியது. அதிலிருந்த ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்ரிக் மணிகளில் பெரும்பகுதி நீரில் கலந்து கரை கரையாக ஒதுங்கியது. இவ்வாறான வேளையில், நாளை எந்தக் கரைக்கு ஆட்களை அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு, அந்த இடத்தில் அந்த நேரத்தில் வீசும் காற்றும் ஓடும் நீரோட்டமும் தெரியாமல் விடை கூற இயலாது. துறைமுக மிதவையின் பயன் கப்பலோட்டிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உடலும் கட்டும்

துறைமுகத்தில் நிறுத்தப்படும் மிதவை பொதுவாக ஒன்று முதல் மூன்று மீற்றர் வரை அகலமுள்ள வட்டமான உடலைக் கொண்டது. அதன் மேல் ஒரு சிறு கோபுரம். கோபுரத்தில் காற்றுக்கருவி, விளக்கு, அலைவாங்கிகள். பக்கங்களில் சூரிய மின்தகடுகள். உள்ளே மின்கலங்களும் தரவுப் பெட்டியும். நீருக்கடியில் ஒரு கூட்டினுள் நீரை அளக்கும் உணரிகள் பூட்டப்பட்டிருக்கும். மஞ்சள் நிறம் அழகுக்காகப் பூசப்பட்டதன்று. சர்வதேசக் கடற்குறி முறையின்படி, கப்பல் செல்லும் வழியைக் காட்டாமல் வேறொரு சிறப்புப் பணியைச் செய்யும் குறிகள் மஞ்சளாக இருக்க வேண்டும். இரவில் மஞ்சள் ஒளியே காட்ட வேண்டும். கடல் தரவு சேகரிக்கும் மிதவைகள் இருபது செக்கனுக்கு ஒரு முறை, அடுத்தடுத்து ஐந்து தடவை மின்னுவது வழக்கம். இரவில் தொழிலுக்குப் போகிறவர்கள் இந்த ஐந்து மின்னலை நினைவில் வைத்திருப்பது நல்லது.

மிதவையின் அடியிலிருந்து சங்கிலி கீழிறங்கி, கடற்றரையிலுள்ள கனத்த கொங்கிறீற்றுக் கட்டியிலோ இரும்புப் பாரத்திலோ முடிகிறது. சங்கிலி நீரின் ஆழத்தை விட நீளமாக இருக்கும். இழுத்துக் கட்டினால் பெரிய அலையொன்று வரும்போது மிதவை நீருக்குள் இழுபடும் அல்லது சங்கிலி அறும். தளர்வாக இருப்பதால் மிதவை ஒரு வட்டத்தினுள் அங்குமிங்கும் அலைகிறது. அதன் ஜிபிஎஸ் கருவி வட்டத்தைத் தாண்டிய இடத்தைக் காட்டினால், கட்டு அறுந்து மிதவை ஓடத் தொடங்கிவிட்டது என்ற எச்சரிக்கை கரைக்குச் செல்லும்.

காற்றும் அமுக்கமும்

காற்றின் வேகத்தை அளப்பது எளிது. திசையை அளப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கோபுரத்திலுள்ள கருவி, மிதவையின் முகப்பை ஒட்டியே திசையைக் கூறும். மிதவையோ ஓயாமல் திரும்புகிறது. ஆகவே உள்ளேயுள்ள மின்னணுத் திசைகாட்டி அந்த நொடியில் மிதவையின் முகப்பு எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைச் சொல்ல, தரவுப் பெட்டி இரண்டையும் கூட்டி உண்மையான திசையைக் கணிக்கிறது. உடலில் இரும்பு இருந்தால் திசைகாட்டி பிசகும் என்பதால், கடலில் இறக்குவதற்கு முன்னர் கரையிலேயே மிதவையை முழுவட்டமாகத் திருப்பிச் சரிபார்ப்பார்கள்.

இன்னொன்று உயரம். வானிலை அவதானிப்பில் காற்று பத்து மீற்றர் உயரத்தில் அளக்கப்பட வேண்டும் என்பது நியமம். மிதவையின் கருவி மூன்று, நான்கு மீற்றர் உயரத்திலேயே இருக்கிறது. நீர்ப்பரப்பை அண்டிய காற்று உராய்வினால் மெதுவாக வீசுவதால், மிதவை காட்டும் வேகம் நியம உயரத்தின் வேகத்தை விட ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைவாக இருக்கலாம். கரையிலுள்ள நிலையத்தின் எண்ணையும் மிதவையின் எண்ணையும் அருகருகே வைத்து எது சரி என்று வாதாடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

வளியமுக்கத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. நமது அகலாங்குகளில் அமுக்கம் நாளுக்கு இரு தடவை தானாகவே ஏறி இறங்குகிறது. முற்பகல் பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம், மாலை நான்கு மணியளவிலும் விடியற்காலை நான்கு மணியளவிலும் தாழ்வு. இந்த ஏற்ற இறக்கம் இரண்டு, மூன்று மில்லிபார் வரை இருக்கும். கார்த்திகை மாதத்தில் பிற்பகலில் அமுக்கம் இறங்குவதைக் கண்டதும் புயல் வருகிறது என்று பயப்படத் தேவையில்லை. நேற்று இதே மணிக்கு எவ்வளவு இருந்தது என்பதோடு ஒப்பிட்டு, அதிலும் தெளிவான வீழ்ச்சி தெரிந்தால் மட்டுமே கவனிக்க வேண்டும்.

அலை

அலையுயரம் என்ற எண்ணே மிகவும் பயன்படுவதும், மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவதும் ஆகும்.

மிதவை அலையின் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. அதனுள்ளே இருக்கும் ஆர்முடுகல்மானி, மிதவை மேலும் கீழும் தள்ளப்படும் ஆர்முடுகலை ஒரு செக்கனுக்குப் பல தடவை பதிவுசெய்கிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவருக்கு மீதி தெரியும்: ஆர்முடுகலை ஒரு தடவை தொகையிட்டால் வேகம் கிடைக்கும், வேகத்தை மறுபடி தொகையிட்டால் இடப்பெயர்ச்சி கிடைக்கும். ஆனால் செய்முறையில் ஒரு இடர் உண்டு. மானியில் சிறு வழு இருந்தாலும், மிதவையின் சாய்வைச் சரிவரக் கழிக்காவிட்டாலும், இரு தடவை தொகையிடும்போது அவ்வழு நேரத்தோடு பெருகி, கடல் மெல்ல மெல்ல வானுக்கு ஏறுவது போன்ற பொய்யான வரைபொன்றைத் தந்துவிடும். இதைத் தவிர்க்க, அரை நிமிடத்துக்கு மேற்பட்ட மெதுவான அசைவுகள் அனைத்தையும் கணினி வடிகட்டி நீக்கிவிடுகிறது. இந்த வடிகட்டலை நினைவில் வைத்திருக்கவும்; மிதவைக்கு எது தெரியாது என்பது இதிலிருந்தே முடிவாகிறது.

ஏறத்தாழ இருபது நிமிடம் இவ்வாறு பதிவான பின், அந்நேரத்தில் கடந்த அலைகளையெல்லாம் உயர வரிசையில் அடுக்கி, உயர்ந்த மூன்றிலொரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியை 'அலையுயரம்' என்று அறிவிப்பது மரபு. இரண்டாம் உலகப் போரின்போது கரையிறங்கும் படைகளுக்காக அலையை முன்கூட்டிக் கணிக்க முயன்ற ஸ்வெர்ட்ரப், மங்க் என்ற இரு கடலியலாளர்கள் இந்த அளவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். பழகிய கடலோடி கண்ணால் பார்த்து மதிப்பிடும் உயரத்துக்கு இது நெருங்கி வருகிறது என்பதே அதன் சிறப்பு. இன்றைய மிதவைகள் அலைகளை ஒவ்வொன்றாக எண்ணாமல், நீர்ப்பரப்பின் ஏற்ற இறக்கத்தினது நியம விலகலைக் கண்டு அதை நான்கால் பெருக்குகின்றன. விடை ஏறக்குறைய ஒன்றே.

இதன் பொருள் யாதெனில், 'அலை 1.5 மீற்றர்' என்ற அறிவிப்பு ஒரு சராசரி. உச்ச வரம்பு அன்று. ஏறத்தாழ ஆயிரம் அலைகள் கடந்து செல்லும் நேரத்தில், அதாவது இரண்டு மூன்று மணித்தியாலத்தில், அந்த எண்ணின் இரு மடங்குக்குக் கிட்டிய அலையொன்று வருவது இயல்பானதே. ஒன்றரை மீற்றர் என்று கேட்டுப் புறப்பட்ட படகைத் தூக்கி அடித்த மூன்று மீற்றர் அலையைக் கண்டு, 'அறிவிப்புப் பிழைத்துவிட்டது' என்று கரையில் பேசிக்கொள்வது உண்டு. அறிவிப்புப் பிழைக்கவில்லை, அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை அறிவித்தவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை. இது சொல்லப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

உயரத்தோடு அலையின் காலத்தையும், அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட செக்கன்களையும், பார்க்க வேண்டும். ஐந்து செக்கன் அலையின் நீளம் ஆழமான நீரில் சுமார் 39 மீற்றர். பதினான்கு செக்கன் அலையின் நீளமோ 300 மீற்றரைத் தாண்டும். உயரம் ஒன்றாக இருந்தாலும் முன்னது செங்குத்தாக எழுந்து சிறு படகை உலுக்கும். பின்னது நடுக்கடலில் படகுக்குத் தெரியாமலே கடந்துபோய், ஆழம் குறைந்த முகத்துவாரத் திட்டில் திடீரென உயர்ந்து உடையும். நாயாற்று வாயிலாலோ கொக்கிளாய் வாயிலாலோ படகெடுப்பவருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. துறைமுகத்தில் நீளமான அலை வேறு விதமாகத் தொல்லை தரும்: இறங்குதுறையில் கட்டியிருக்கும் பெரிய கப்பலை முன்னும் பின்னும் மெதுவாக இழுத்துக் கயிறுகளை அறுக்கக்கூடியது அதுவே.

நீர்

நீரோட்டத்தை அளக்கும் கருவி மிதவையின் அடியிலிருந்து கீழ்நோக்கி ஒலித்துடிப்புகளை அனுப்புகிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண், அத்துகள்கள் நெருங்கி வந்தால் கூடியும் விலகிப் போனால் குறைந்தும் ஒலிக்கும். இந்த மாற்றத்திலிருந்து வெவ்வேறு ஆழங்களில் நீர் எவ்வளவு விரைவாக, எத்திசையில் ஓடுகிறது என்பது கணிக்கப்படுகிறது. மேலே ஒரு திசையிலும் அடியில் வேறொரு திசையிலும் நீர் ஓடுவது துறைமுக வாயில்களில் அபூர்வமன்று. இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், நமது துறைமுகங்களில் வற்றுப்பெருக்கை விடக் காற்றும் பருவ நீரோட்டமுமே பெரிதும் கவனிக்கத்தக்கவை.

உவர்த்தன்மையை மின்கடத்துதிறன் கொண்டு அறிகிறார்கள்: உப்புக் கூடினால் நீர் மின்னை நன்றாகக் கடத்தும், வெப்பநிலையின் விளைவைக் கழித்தால் உப்பின் அளவு கிடைக்கும். திறந்த சமுத்திரத்தில் ஒரு கிலோகிராம் நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு. மாரியில் ஆறுகள் பெருகி வரும் இடத்தில் இது வெகுவாகக் குறையும். கனகராயன் ஆறு சுண்டிக்குளத்தில் சேரும் இடத்தை மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் எவரும் காணலாம். துறைமுக அதிகாரிக்கு இதில் ஒரு நேரடி அக்கறை உண்டு. நன்னீரின் அடர்த்தி கடல்நீரை விடச் சுமார் நூற்றுக்கு இரண்டரை பங்கு குறைவு என்பதால், கடலில் 12 மீற்றர் ஆழம் அமிழ்ந்து வரும் கப்பல் நன்னீரில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் கூடுதலாக அமிழும். கால்வாயின் அடிக்கும் கப்பலின் அடிக்கும் இடையே ஒரு மீற்றர் இடைவெளி மட்டுமே உள்ள இடத்தில் 30 சென்ரிமீற்றர் சிறிய தொகையன்று.

கரைந்த ஒட்சிசனை அளக்கும் உணரியின் நுனியில் ஒரு சாயப் படலம் உண்டு. நீல ஒளி பட்டால் அது சிவப்பாக ஒளிரும். ஒட்சிசன் மிகுந்தால் அவ்வொளிர்வு மங்கும். 30 பாகை வெப்பமுள்ள கடல்நீர் ஒரு லீற்றருக்குச் சுமார் 6 மில்லிகிராம் ஒட்சிசனையே தாங்கும். அது 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீன்கள் விலகி ஓடும், ஓட இயலாதவை இறக்கும். கழிவுநீர் சேரும் மூடிய துறைமுகங்களில் இது அடிக்கடி எழும் பிரச்சினை. கலங்கலை அளக்கும் உணரி, நீருக்குள் ஒளிக்கற்றையொன்றை அனுப்பிப் பக்கவாட்டில் சிதறும் ஒளியை அளக்கிறது. கால்வாயைத் தூர்வாரும்போது கிளம்பும் சேறு வரம்பை மீறுகிறதா என்று பார்க்க இது உதவும்.

ஒரு வரியை வாசித்தல்

அளவீடுகள் பத்து நிமிடத்துக்கோ அரை மணித்தியாலத்துக்கோ ஒரு தடவை தொலைபேசி வலையமைப்பின் வழியாகக் கரைக்குச் செல்கின்றன. தொலைவிலுள்ள மிதவைகள் செய்மதியைப் பயன்படுத்துகின்றன. ஏஐஎஸ் என்ற கப்பல் அடையாளத் தொகுதியின் மூலம் அருகிலுள்ள கப்பல்களின் திரைக்கே நேராக அனுப்பும் மிதவைகளும் உள்ளன. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 2007 இல் தொடங்கப்பட்ட மிதவைத் தொகுதி, பால்ரிமோர் துறைமுகத்தையொட்டி நிறுத்தப்பட்ட மிதவையின் அளவீடுகளையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

எடுத்துக்காட்டாக, ஒரு வரி இவ்வாறு வருகிறது என்று கொள்வோம்: நேரம் 06:30; காற்று 220 பாகை, 14 நொட், திடீர் வீச்சு 21 நொட்; அலை 1.2 மீற்றர், 8 செக்கன். நீரோட்டம் 40 பாகை, 0.6 நொட், நீர் 28.6 பாகை, உவர் 33.9, ஒட்சிசன் 5.8, கலங்கல் 6. முதலில் நேரம். பெரும்பாலான தரவுகள் உலகப் பொதுநேரத்தில் குறிக்கப்படுவதால் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்ட வேண்டும். ஆகவே இது நமது நண்பகல் 12 மணி. காற்று 220 பாகை என்றால் தென்மேற்கிலிருந்து வருகிறது, நம்மவர் சொல்லும் சோளகம். 14 நொட் என்பது மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீற்றர். நீரோட்டம் 40 பாகை என்றால் அது வடகிழக்கு நோக்கிப் போகிறது. காற்றுக்கு அது புறப்பட்டு வரும் திசையையும் நீரோட்டத்துக்கு அது போய்ச் சேரும் திசையையும் கூறுவதே மரபு. இதைக் கவனியாதவர், ஒரே பக்கம் செல்லும் காற்றையும் நீரையும் எதிரெதிராகச் செல்வதாக எண்ணி ஏமாறுவார். ஒட்சிசனும் கலங்கலும் இங்கு கவலைக்குரியவையல்ல.

கெடுப்பவை

வெப்பக் கடலில் ஓர் உணரியைச் சுத்தமாக இறக்கினால், சில நாட்களில் அதன் கண்ணாடிச் சாளரத்தில் வழுவழுப்பான படலம் படரும், பின்னர் பாசி, சில வாரங்களில், படகின் அடியில் காண்பது போன்ற கொட்டலசுகள் ஒட்டிக் கெட்டிப்படும். இதனாலேயே சாளரத்தின் மேல் சிறு தூரிகையொன்று ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் ஒரு தடவை துடைத்துச் செல்கிறது. உணரியைச் சுற்றிச் செப்புத் தகடும் வைப்பார்கள், செப்பில் உயிரிகள் எளிதில் ஒட்டா. அப்படியும் ஆட்கள் படகில் சென்று சுரண்டிக் கழுவியே ஆக வேண்டும். வரைபைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்: கலங்கல் பல நாட்களாக மெல்ல மெல்ல ஏறி, துப்புரவு செய்த நாளில் ஒரேயடியாக வீழ்ந்திருந்தால், கலங்கியது கடலன்று, சாளரமே. சூரிய மின்தகட்டின் மேல் நீர்க்காகங்கள் அமர்ந்து எச்சமிடுவதும் மின்கலத்தைப் பட்டினி போடும்.

மனிதரும் கெடுக்கிறார்கள். மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்தில் படகு கூடும். படகைக் கட்ட மிதவையை விட வசதியான கம்பம் கடலில் இல்லை. கட்டிய படகு அலையில் இழுக்கும்போது கோபுரம் வளையும், காற்றுக்கருவி முறியும், வலை சிக்கினால் நீருணரிக் கூடும் போகும். இந்துமா சமுத்திரத்தின் ஆய்வு மிதவைகள் பல இவ்வாறு சேதமடைந்துள்ளன. மிதவை ஓய்ந்தால் அந்த இடத்தின் அறிவிப்பும் தரம் குறையும். அதன் இழப்பு முதலில் அந்தக் கடலில் தொழில் செய்பவர்களுக்கே.

சுனாமியைச் சொல்லுமா?

2004 டிசம்பர் 26 அன்று அத்தனையையும் இழந்த முல்லைத்தீவில் மிதவையைப் பற்றிப் பேசினால் முதலில் எழும் கேள்வி இதுதான். துறைமுக வானிலை மிதவையால் அதைச் சொல்ல இயலாது. ஆழ்கடலில் சுனாமியின் உயரம் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஒரு முகட்டுக்கும் மறு முகட்டுக்கும் இடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை செல்லும். அலைக்கணிப்பில் அரை நிமிடத்துக்கு மேற்பட்ட அசைவெல்லாம் வடிகட்டப்படுகிறது என்று மேலே கண்டோம். சுனாமியும் அவ்வடிகட்டலில் போய்விடும். சுனாமிக்கென அமைக்கப்படும் மிதவை வேறு. அதன் உண்மையான கருவி ஆழ்கடலின் தரையில் இருக்கிறது: தனக்கு மேலுள்ள நீரின் அமுக்கத்தை அளந்து, சில சென்ரிமீற்றர் மாற்றத்தையும் உணர்ந்து, ஒலியின் வழியாக மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்ல, மிதவை அதைச் செய்மதிக்கு அனுப்புகிறது. அங்கே மிதவை வெறும் அஞ்சற்காரர். துறைமுகத்துக்குள் நீர்மட்டத்தின் மெதுவான ஏற்ற இறக்கத்தைப் பதிவுசெய்வது, இறங்குதுறைத் தூணில் அசையாமல் பூட்டப்பட்ட நீர்மட்டமானியின் வேலை. ஆகவே மஞ்சள் மிதவையின் தரவுப் பக்கத்தில் எண்கள் வழமைபோல் இருக்கின்றன என்பதை, சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்ட வேளையில் கரையில் நிற்பதற்கான காரணமாக எவரும் கொள்ளக்கூடாது.